‘போதும்’ என்று சொல்ல ஓர் அட்டை

கைக்குழந்தை அழுதால் தாய் அதைத் தொந்தரவு என்று எண்ணுவதில்லை. பசியா, துணி நனைந்துவிட்டதா, எறும்பு கடித்ததா என்று தேடுகிறாள். பேசத் தெரியாத குழந்தைக்கு அழுகைதான் மொழி என்பதை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே குழந்தை ஏழு வயதில், பள்ளியில், இடைவேளை மணி அடித்ததும் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறினால் என்ன நடக்கிறது? ‘அடம்’ என்கிறோம். ‘செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்’ என்கிறோம். அந்த அலறலும் ஒரு செய்தியாக இருக்கலாம் என்ற எண்ணம் எளிதில் நமக்குத் தோன்றுவதில்லை.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பொறுத்தவரை இது ஏதோ ஓர் ஆசிரியர் செய்துவிட்ட பிழையன்று. கற்றறிந்த மருத்துவர்களும் உளவியலாரும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் செய்த பிழை. அது எப்படித் திருந்தியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் ஆட்டிசம் என்றால் என்ன என்று பார்ப்போம். தமிழில் இதை ‘மதியிறுக்கம்’ என்றும் கூறுவர். ‘ஆட்டோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குத் ‘தான்’ என்று பொருள். இது தொற்றுநோயன்று, மூளை வளரும் முறையிலேயே அமைந்துள்ள வேறுபாடு. இக்குழந்தைகளுக்குப் பிறரோடு பழகுவதும் கருத்தைப் பரிமாறிக்கொள்வதும் கடினமாக இருக்கும். எதிர்பாராத மாறுதல்கள் இவர்களைக் கலங்க வைக்கும். ஒலி, ஒளி, மணம், தொடுகை ஆகியவை சிலருக்கு மிகக் கூடுதலாகவும் சிலருக்கு மிகக் குறைவாகவும் உறைக்கும். இவர்களில் சிலர் பேசுவதே இல்லை. சிலர் சரளமாகப் பேசுவார்கள். சரளமாகப் பேசும் பிள்ளைக்குக்கூட, சுற்றிலுமுள்ளவை தாங்குமளவை மீறித் திக்குமுக்காடும் வேளையில் சொல் வராமல் போய்விடுவதுண்டு. சொல் மிகவும் தேவைப்படும் நொடியில்தான் அது கைவிட்டுப் போகிறது.

பால்டிமோர், 1943

மாஸ்கோவில் குருன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர், இன்று நாம் ஆட்டிசம் என்று அழைக்கும் தன்மைகள் கொண்ட 6 சிறுவர்களைப் பற்றி 1925-ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். ஆனால் உலகின் கவனத்தை ஈர்த்தது 1943-இல் வெளிவந்த ஒரு கட்டுரையே. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் அதை எழுதினார். 8 சிறுவர்கள், 3 சிறுமியர் ஆகிய 11 குழந்தைகளை அவர் அதில் விவரித்தார்.

கானர் கூர்மையான கண்கள் உடையவர். தூசி உறிஞ்சும் கருவி, முட்டை அடிக்கும் கருவி, லிஃப்ட், குழாயில் ஓடும் தண்ணீர், ஏன், காற்றின் ஓசைகூட இக்குழந்தைகளைப் பெரும் பீதிக்கு ஆளாக்குவதை அவர் குறித்து வைத்தார். கூடவே ஒரு விந்தையையும் கண்டார். பிறர் எழுப்பும் ஓசைக்கு நடுங்கும் குழந்தை, அதே அளவு ஓசையைத் தானே மகிழ்ச்சியோடு எழுப்புகிறது! ஆகவே ஓசையே அச்சத்திற்குக் காரணமன்று, குழந்தை விரும்பும் தனிமைக்குள் அது அத்துமீறி நுழைவதே காரணம் என்று அவர் முடிவு கட்டினார்.

அவர் கண்டது சரி. அதற்குக் கூறிய விளக்கத்தைத்தான் இன்று வேறுவிதமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடிவதில்லை அல்லவா? நம் கை எங்கே, எப்போது படப்போகிறது என்பது மூளைக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அவ்வாறே தான் எழுப்பும் ஓசை எப்போது தொடங்கும், எப்போது நிற்கும் என்பது குழந்தைக்குத் தெரியும். பிறர் எழுப்பும் ஓசையோ எச்சரிக்கையின்றி வருகிறது. எப்போது ஓயும் என்பதும் தெரியாது. அதை நிறுத்தச் சொல்லவும் குழந்தைக்கு வழியில்லை. கானர் ‘தனிமை விருப்பம்’ என்று படித்த இடத்தில், ‘என்னால் இதை நிறுத்த முடியவில்லை’ என்ற செய்தியும் இருந்திருக்கலாம்.

1946-இல் கானரே அந்தச் செய்தியை ஓரளவு படித்துக் காட்டினார். பால் என்ற சிறுவன் வாணலி போன்ற சமையற் பாத்திரத்தைக் கண்டபோதெல்லாம், தொடர்பே இல்லாத ஒரு குழந்தைப் பாட்டின் இரண்டு சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்வான். கேட்டவர்களுக்கு அது வெறும் உளறல். கானர் அவன் தாயிடம் விசாரித்தார். அவனுக்கு 2 வயதாக இருந்தபோது, அந்தப் பாட்டைத் தாய் பாடிக்கொண்டிருக்கையில் அவர் கையிலிருந்த பாத்திரம் நழுவித் தரையில் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து அந்த இரு சொற்களும் அந்தப் பாத்திரமும் அவனுக்குள் ஒட்டிக்கொண்டன. பொருளற்றது என்று தோன்றும் பேச்சுக்கும் பொருள் உண்டு. அதன் வரலாறு தெரிந்தவருக்கே அது விளங்கும் என்று கானர் எழுதினார். இந்தப் பாதையில் தொடர்ந்து நடந்திருந்தால் நாற்பது ஆண்டுகள் வீணாகியிருக்கமாட்டா.

பழியும் தண்டனையும்

நடந்தது வேறு. குழந்தை ஏன் தன்னுள் ஒடுங்குகிறது என்ற கேள்விக்கு, பெற்றோரிடம் அன்பில்லை என்பதே விடையாகக் கூறப்பட்டது. ‘குளிர்சாதனப் பெட்டி போன்ற தாய்’ என்ற கொடிய சொற்றொடர் வழக்கில் வந்தது. சிகாகோவில் ஒரு சிறப்புப் பள்ளியை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம், தம்முடைய 1967-ஆம் ஆண்டு நூலில், இக்குழந்தைகளை நாஜி வதைமுகாம்களின் கைதிகளோடு ஒப்பிட்டார். அவரே அத்தகைய முகாம்களில் அடைபட்டிருந்தவர். அவர் கூற்றுப்படி குழந்தை ஒடுங்கியது தாயிடமிருந்து தப்பிக்க! குழந்தையின் அலறலை மிக நன்றாக அறிந்திருந்த ஒரே ஆளை, அதாவது தாயை, இக்கொள்கை குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. அவள் சொல்வதை யாரும் சாட்சியமாக ஏற்கவில்லை.

இதை எதிர்த்து 1964-இலேயே நூல் எழுதியவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய உளவியலாளர். ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனின் தந்தை. ஆட்டிசத்திற்குக் காரணம் வளர்ப்பன்று, உடலியலே என்று அவர் வாதிட்டார். 1965-இல் பெற்றோர் சங்கம் ஒன்றையும் தொடங்கினார். பழி மெல்ல நீங்கியது.

பழி நீங்கினாலும் தண்டனை நீங்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவார் லோவாஸ், இக்குழந்தைகளுக்குக் கற்பிக்க முடியும் என்பதைச் செய்து காட்டியவர். பாடத்தைச் சிறுசிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் வெகுமதி தந்து பேசவும் பழகவும் பயிற்றுவித்தார். இவர்களை மனநலக் காப்பகங்களில் அடைத்து வைத்திருந்த காலத்தில் இது பெரிய சாதனையே. ஆனால் அலறலையும் தன்னைத்தானே அடித்துக்கொள்வதையும் நிறுத்த அவர் அறையையும் அதட்டலையும் கையாண்டார். 1965-இல் அவர் குழுவினர் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஐந்து வயது இரட்டையருக்குத் தரையில் ஒட்டிய உலோகப் பட்டைகள் வழியே மின்அதிர்ச்சி தரப்பட்டது.

அதிர்ச்சி தந்தால் அலறல் நின்றது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பிரஷர் குக்கரின் விசிலை அழுத்திப் பிடித்தாலும் சத்தம் நிற்கத்தான் செய்யும். உள்ளே இருக்கும் அழுத்தம் என்ன ஆகும் என்பதை இயற்பியல் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி மாறிய ஆண்டுகள்

அறிவியலில் பல நேரங்களில் புதிய விடையைவிடப் புதிய கேள்வியே திருப்புமுனையாகிறது. ‘இந்த நடத்தையை எப்படி நிறுத்துவது?’ என்பது பழைய கேள்வி. ‘இந்த நடத்தையால் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது?’ என்பது புதிய கேள்வி.

1976-இல் எட்வர்ட் கார் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் ஒரு சிறுவனை ஆராய்ந்தனர். அவனைச் சும்மா விட்டபோதும், அவனோடு இயல்பாகப் பேசிக்கொண்டிருந்தபோதும் அவன் அடித்துக்கொள்வது மிகக் குறைவு. ‘இதைச் செய், அதைச் செய்’ என்று கட்டளைகள் தொடர்ந்தபோது அது பன்மடங்கானது. அதே கட்டளைகளை ஒரு சுவையான கதைக்கு நடுவே வைத்துக் கூறியபோது குறைந்தது. எல்லாவற்றையும்விட வியப்பானது, ‘சரி, போகலாம்’ என்று பாடம் முடிந்ததற்கான சொல் காதில் விழுந்ததும் அடித்துக்கொள்வது சட்டென நின்றது. அடித்துக்கொள்ளுதல் என்பது வெறியன்று. ‘இது முடியட்டும்’ என்ற விண்ணப்பம்.

1982-இல் பிரையன் இவாட்டாவும் குழுவினரும் இதை ஒரு முறையான சோதனையாக ஆக்கினர். கானர் எழுதிய அதே பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸுடன் இணைந்த கென்னடி நிலையத்தில் இச்சோதனை நடந்தது. வளர்ச்சிக் குறைபாடும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கமும் உடைய 9 பேரை, பாடம், விளையாட்டு, தனிமை, அடித்துக்கொண்டால் மட்டும் பெரியவர் கவனிப்பது என்ற வெவ்வேறு சூழ்நிலைகளில் மாறிமாறி வைத்துக் கணக்கெடுத்தனர். பிற யாவற்றையும் மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் இம்முறை நம் ஆய்வுக்கூடங்களில் பழக்கமானதுதானே! பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் நடத்தைக்கு வெவ்வேறு குழந்தைகளிடம் வெவ்வேறு காரணங்கள் இருப்பது தெரியவந்தது.

நான்கு குழந்தைகள், இரண்டு வாக்கியங்கள்

1985-ஆம் ஆண்டை இவ்வரலாற்றின் மைய ஆண்டு எனலாம். நியூயார்க் மாநிலத்தில் கார் அவர்களும் மார்க் டூரண்டும் வளர்ச்சிக் குறைபாடுகள் உள்ள 4 குழந்தைகளிடம் ஓர் எளிய சோதனை செய்தனர். அக்குழந்தைகள் பாட வேளையில் கத்துவதும், தாக்குவதும், பொருள்களை வீசுவதும் வழக்கம்.

முதலில் பணியின் கடினத்தை மாற்றிப் பார்த்தனர். பிறகு ஆசிரியர் கவனிக்கும் நேரத்தை முழுமையிலிருந்து மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துப் பார்த்தனர். சிலருக்குப் பணி கடினமாகும்போது குழப்பம் மிகுந்தது. சிலருக்குக் கவனிப்பு குறையும்போது மிகுந்தது. அடுத்து, ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கியங்களைக் கற்பித்தனர். ஒன்று, ‘எனக்குப் புரியவில்லை’ என்ற பொருள் உடையது. அதைக் கூறினால் ஆசிரியர் உதவுவார். மற்றொன்று, ‘நான் நன்றாகச் செய்கிறேனா?’ என்ற பொருள் உடையது. அதைக் கூறினால் ஆசிரியர் பாராட்டுவார்.

கடினத்தால் திணறிய குழந்தை முதல் வாக்கியத்தைப் பயன்படுத்தியபோது குழப்பம் பெரிதும் குறைந்தது. அதே குழந்தை இரண்டாவது வாக்கியத்தைப் பயன்படுத்தியபோது பயனில்லை! கவனிப்புக்கு ஏங்கிய குழந்தையிடம் இது தலைகீழாக நடந்தது. வெறுமனே பேசக் கற்றதால் குணமாகிவிடவில்லை. எதைச் சொல்ல முடியாமல் அலறியதோ, அதையே சொல்லும் வழி கிடைத்தபோதுதான் அலறல் தேவையற்றதாயிற்று. தண்டனை இல்லை, அதட்டல் இல்லை. பொருத்தமான ஒரு வாக்கியம் மட்டும்.

பின்னர் வந்தவர்கள் இதே வழியில் ‘ஓய்வு வேண்டும்’, ‘சத்தம் தாங்கவில்லை’, ‘வெளியே போக வேண்டும்’ என்றெல்லாம் கேட்கக் கற்பித்தனர். பள்ளியில் திக்குமுக்காடும் குழந்தைக்கு இன்று உலகெங்கும் தரப்படும் ‘இடைவேளை அட்டை’ இந்தக் கருத்தின் எளிய வடிவமே.

நாவுக்குப் பதில் கை

பேசாத குழந்தை வாக்கியத்தை எப்படிக் கூறும்? அதே 1985-இல், டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டி, லோரி ஃபிராஸ்ட் இருவரும் படப் பரிமாற்ற முறையை உருவாக்கினர். குழந்தை வேண்டியதன் படத்தை எடுத்து எதிரே உள்ளவர் கையில் கொடுக்க வேண்டும். சுவரில் மாட்டிய படத்தைச் சுட்டிக்காட்டுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. சுட்டுவதை யாரும் பார்க்காமலே போகலாம். கையில் வைத்ததைக் கவனிக்காமல் இருக்க முடியாது. செய்தியைப் பெறுபவர் இல்லாமல் செய்தியே இல்லை என்ற உண்மை இம்முறையின் அடித்தளத்திலேயே இருக்கிறது.

வடகரோலினாவில் எரிக் ஷாப்லர் தொடங்கிவைத்து, 1972 முதல் மாநிலம் முழுவதும் நடந்துவரும் திட்டம், அன்றைய நிகழ்ச்சிகளைப் படங்களாக வரிசைப்படுத்திக் குழந்தையின் முன் வைத்தது. அடுத்து என்ன, அது எப்போது முடியும் என்பது கண்ணுக்குத் தெரிந்தால், திணறுவதற்கான காரணங்களே குறைகின்றன.

இவ்வரலாற்றில் சென்னைக்கும் பங்குண்டு. அஜித் நாராயணன் என்ற பொறியாளர், சென்னையிலுள்ள வித்யாசாகர் நிறுவனத்தின் குழந்தைகளோடு பழகி, படங்களைத் தொட்டால் குரலாக ஒலிக்கும் ‘ஆவாஸ்’ என்ற கருவியை 2010-ஐ ஒட்டி உருவாக்கினார். மூளை முடக்குவாதத்தால் பேச இயலாத குழந்தைகளுக்காகத் தொடங்கிய அது, பிறகு கைக்கணினிச் செயலியாகி, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடையேயும் பரவியது. தமிழிலும் அது பேசுகிறது.

‘அட்டையைக் கொடுத்துவிட்டால் பிறகு பேசவே மாட்டானே!’ என்ற அச்சம் பெற்றோருக்கு இயல்பு. 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு இத்தகைய துணைமுறைகளைப் பயன்படுத்திய 27 பேரின் விவரங்களைக் கவனமாகப் பரிசீலித்தது. ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை; பெரும்பாலோருக்குச் சிறிதளவேனும் கூடியிருந்தது.

ஓர் எச்சரிக்கை

செய்தியைக் கேட்கும் ஆவலில் இல்லாத செய்தியைக் கேட்டுவிட்ட கதையும் உண்டு. 1990-ஐ அடுத்து அமெரிக்காவில் ஒரு முறை காட்டுத்தீ போல் பரவியது. உதவியாளர் ஒருவர் பேசாத பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ள, பிள்ளை எழுத்துப் பலகையில் தட்டித் தட்டி எழுதும். வாழ்நாளில் ஒரு சொல் பேசாதவர்கள் கவிதை எழுதினர். பெற்றோர் ஆனந்தக் கண்ணீர் வடித்தனர்.

1993-இல் நியூயார்க் மாநில நிலையம் ஒன்றில் 12 பேரை வைத்துச் சோதனை நடந்தது. பிள்ளைக்கு ஒரு படமும் உதவியாளருக்கு வேறு படமும் காட்டப்பட்டன. ஒருவர் படம் மற்றவருக்குத் தெரியாது. எழுத்துப் பலகையில் வந்த விடைகள் உதவியாளர் பார்த்த படத்தின் பெயர்களாகவே இருந்தன. பிள்ளை மட்டும் பார்த்த படத்தின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. உதவியாளர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். தம் கையே நகர்கிறது என்பதை அவர்கள் உணரவில்லை. 1994-இல் அமெரிக்க உளவியல் சங்கம் இம்முறைக்கு அறிவியல் ஆதாரமில்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. அட்டையானாலும் கருவியானாலும் குழந்தை தன் கையாலேயே அதை எடுக்க வேண்டும். குழந்தையின் செய்தியை நாம் பெறலாம். நாமே எழுதிவிடக் கூடாது.

உள்ளிருந்து வந்த சாட்சியம்

அதுவரை வெளியே இருந்தவர்களே எழுதிவந்தார்கள். 1986-இல் டெம்பிள் கிராண்டின் என்ற பெண்மணி, ஆட்டிசத்தோடு வளர்ந்த தம் வாழ்க்கையை நூலாக வெளியிட்டார். மூன்றரை வயது வரை பேச்சு வராத அவர் பிற்காலத்தில் கால்நடை அறிவியலில் பேராசிரியரானவர். பிறர் பேசுவது புரிந்தும் பதில் சொல்ல நா எழாத நிலையில், அலறுவது ஒன்றே தமக்கு வழியாக இருந்தது என்று அவர் விளக்கினார். பலத்த ஓசை பல் மருத்துவரின் துளைக்கருவி நரம்பில் பட்டாற்போல் வலித்ததாகவும் கூறினார். குழந்தைகள் காதைப் பொத்துவது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா? ஆனாலும் புலன் உணர்வின் மிகையும் குறையும், மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேட்டில் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாக இடம்பெற்றது 2013-இல்தான். கானர் அதைக் குறித்து 70 ஆண்டுகள் கழித்து!

இன்னொரு சிக்கலும் தெரியவந்தது. நெஞ்சு படபடக்கிறது, வயிறு பிசைகிறது. ஆனால் அது அச்சமா, கோபமா, பசியா என்று பிரித்தறிவது ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் கடினம். ‘உனக்கு என்ன செய்கிறது, சொல்’ என்று கேட்டால் அவர்கள் விழிப்பது அதனால்தான்.

இதற்கு உதவியாக 2003-இல் காரி டன் பூரன், மிட்சி கர்டிஸ் என்ற இரு அமெரிக்க ஆசிரியைகள் ஐந்து படி அளவுகோலை வெளியிட்டனர். 1 என்றால் அமைதி. 3 என்றால் தொல்லை தொடங்கிவிட்டது. 5 என்றால் வெடிக்கும் நிலை. குழந்தை உணர்ச்சியின் பெயரைத் தேட வேண்டாம். எண்ணைத் தொட்டால் போதும். வெப்பமானி வரும் முன்பு மனிதர் ‘சூடு’, ‘மிகுந்த சூடு’ என்று மட்டுமே சொல்ல முடிந்தது. எண் வந்த பிறகே ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்க முடிந்தது. இங்கும் அதே பயன்தான். 5-இல் அட்டையை எடுக்க எந்தக் குழந்தையாலும் முடியாது. 3-இலேயே எடுக்கப் பழக்க வேண்டும்.

வகுப்பறையின் பங்கு

இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் வகுப்பறையைப் பற்றியும் சில சொற்கள் கூற விரும்புகிறேன். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கட்டிய ஒரு சொற்பொழிவு மண்டபத்தில் பேசுபவர் சொல் எதுவும் விளங்கவில்லை. காரணம் காணும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. பேசி முடித்த பின்னும் ஒலி சுவர்களில் மோதிமோதி ஏறத்தாழ ஐந்தரை நொடி தங்குவதை அவர் அளந்தார். இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்க அடுக்க அந்த நேரம் குறைந்தது.

7 மீட்டர் நீளமுள்ள நம் வகுப்பறையில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 50 முறை சுவருக்குச் சுவர் தாவுகிறது. மெருகிட்ட பூச்சுச் சுவர் ஒவ்வொரு மோதலிலும் நூற்றில் 2 அல்லது 3 பங்கையே விழுங்கும். எனவே ஒரு சொல் மறையும் முன் அடுத்த சொல் அதன் மேல் ஏறிக்கொள்கிறது. ஆளில்லாத வகுப்பறையின் பின்னணி ஒலி 35 டெசிபெல், ஒலி தங்கும் நேரம் 0.6 நொடி, இவற்றுக்கு மேற்படக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரவிதி கூறுகிறது. நாற்பது பிள்ளைகள் ஒருசேரப் பேசினால் 70 டெசிபெல் எளிதில் வந்துவிடும். டெசிபெல் மடக்கை அளவை என்பதை மாணவர்கள் அறிவார்கள். 35-க்கும் 70-க்கும் இடையே உள்ளது இருமடங்கு வேறுபாடன்று. ஒலிச் செறிவில் ஏறத்தாழ 3,000 மடங்கு! நாம் அதைப் பழகிக்கொண்டோம். பழகிக்கொள்ள இயலாத குழந்தை உண்மையைச் சொல்கிறது. சுவரில் ஒரு பழைய சாக்கு விரிப்பு, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர்க் குமிழ், மணிக்குப் பக்கத்தில் இல்லாத இருக்கை ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது.

அட்டை பலிக்க வேண்டுமானால்

அட்டை அச்சிடுவது எளிது. அதை மதிப்பதே கடினம். குழந்தை அமைதியாக இருக்கும்போதே அட்டையைப் பழக்க வேண்டும். புயலில் நீச்சல் கற்பிக்க முடியாது. அட்டை எப்போதும் குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்; ஆசிரியர் மேசை இழுப்பறையில் அன்று. நீட்டியவுடன், தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும், கேட்டது கிடைக்க வேண்டும். பத்து முறை அட்டைக்குப் பதில் வராமல், பதினோராவது முறை அலறலுக்குப் பதில் வந்தால், அலறலே சிறந்த மொழி என்று நாமே கற்பித்தவர்கள் ஆவோம். குறும்புக்குத் தண்டனையாக அட்டையைப் பறிப்பது, ஊமையின் கையைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

‘இதைச் சாக்காக வைத்துப் பாடத்தைத் தட்டிக்கழிப்பானே?’ என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. முதல் சில நாட்கள் அட்டை அடிக்கடி நீளத்தான் செய்யும். கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஊன்றிய பிறகு, ‘இந்த இரண்டு கணக்கு முடிந்ததும் போகலாம்’ என்று காத்திருக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக நீட்டலாம். ஓய்வு முடிந்து குழந்தை பாடத்திற்குத் திரும்ப வேண்டும் என்பதும் இந்த ஏற்பாட்டின் பகுதியே. அப்படியும் ஒரு குறிப்பிட்ட பாட வேளையில் மட்டும் அட்டை ஓயாமல் நீண்டால், அந்த வேளையில் என்ன குறை என்று ஆராய வேண்டும். வெப்பமானி காய்ச்சலைக் காட்டினால் வெப்பமானியை நாம் உடைப்பதில்லை.

நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஆட்டிசத்தைக் குறிப்பிடவில்லை. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் குறிப்பிட்டது. 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் அதை 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்து, இக்குழந்தைகளும் பிற குழந்தைகளோடு பயிலத் தேவையான வசதிகளைக் கல்வி நிலையங்கள் செய்து தர வேண்டும் என்கிறது. மின்தூக்கியும் சாய்தளமும் மட்டுமே வசதிகள் அல்ல. உள்ளங்கை அளவுள்ள ஓர் அட்டையும், அதைக் கண்டவுடன் ‘சரி, போய் வா’ என்று சொல்லும் ஓர் ஆசிரியரும் அந்த வசதிகளைச் சேர்ந்தவர்களே. அட்டை சில காசுகளுக்குக் கிடைக்கும். ஆசிரியரை நாம்தான் உருவாக்க வேண்டும்.